வீட்டுக் குழந்தைப் பராமரிப்பு ஒப்பந்தம் (இங்கிலாந்து)

சைல்ட்மைண்டர் எனப்படும் பராமரிப்பாளர், பிறர் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துக் கூலிக்குப் பார்த்துக்கொள்பவர். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்ப்பவர் கல்வி, பராமரிப்புத் தர ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ சைல்ட்மைண்டர் முகமையிலோ பதிவுசெய்ய வேண்டும். பெற்றோருடன் அவர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அதிகம் தகராறுக்குள்ளாவன வைப்புத்தொகையும் விலகல் விதியும்தான்.

வைப்புத்தொகை இடத்தைப் பிடித்துவைப்பதற்கானது. பெரும்பாலும் முதல் அல்லது கடைசி மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். அரசு நிதியளிக்கும் இலவசப் பராமரிப்பு நேரத்துக்காக வாங்கியதென்றால் முழுவதையும் திருப்பித் தந்துவிட வேண்டும்.

விலகுவதற்கு நான்கு வார முன்னறிவிப்பு பரவலான வழக்கம். அறிவிப்பின்றிப் பிள்ளையை நிறுத்தினால் அந்த வாரங்களுக்கான கட்டணத்தைப் பராமரிப்பாளர் கேட்கலாம். ஒரே நேரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட சில பிள்ளைகளையே ஏற்க முடியும் என்பதால், ஓர் இடம் காலியானாலும் வருமானத்தில் பெரிய துண்டு விழும். ஆகவே இவ்விதி நியாயமானதே.

ஆனால் அது இருபக்கமும் பொருந்த வேண்டும். பெற்றோர் விலகினால் பணம் போகும், பராமரிப்பாளர் விலகினால் ஈடு கிடையாது என்ற விதி 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நியாயமற்றதாகக் கருதப்படலாம். அப்படித் தீர்மானிக்கப்பட்டால் அவ்விதி பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடாகப் பிள்ளையை விலக்குவதை 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் தடுக்கிறது.

பேச்சில் தீராத பணத்தகராறு, 10,000 பவுண்டு வரை, சிறு வழக்கு முறையில் கவுண்டி நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும்.