கயாக்: ஒருவர் அமரும் ஓடமும் பலர் கூடிய தொழிலும்

கயாக் என்பது ஒருவர் காலை நீட்டி அமர்ந்து, இரு முனைகளிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும், மேற்புறம் மூடிய ஒடுக்கமான ஓடம் ஆகும். கிரீன்லாந்து முதல் வட கனடா, அலாஸ்கா வழியாக அலூசியத் தீவுகள் வரை பரவி வாழ்ந்த இனுயிட் மக்களும் அவர்களுக்கு உறவுடைய பிற மக்களும் இதைப் பல நூற்றாண்டுகளாக வேட்டைக்குப் பயன்படுத்தி வந்தனர். பனிக்கடலில் தனியே போராடும் வேட்டைக்காரனின் தோற்றமே இவ்வோடத்தைப் பற்றிப் பரவலாக நிலைபெற்றிருப்பினும், அதன் வரலாற்றில் உள்நாட்டு ஏரிகளும் கூட்டு உழைப்பும் பெற்றிருந்த இடம் பெரிது. இன்று அமைதியான ஏரிகளில் பலர் குழுவாகக் கயாக் செலுத்தும் வழக்கத்தின் வேர்களையும் அங்கேயே தேட வேண்டும்.

மரம் வளராத நிலத்தில் வாழ்ந்த அம்மக்கள், ஆறுகளும் கடலும் அடித்துக்கொண்டு வந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, ஆணியின்றித் தோல்வாராலும் விலங்கின் தசைநாராலும் கட்டிச் சட்டகம் அமைத்தனர். கட்டுகள் சற்று நெகிழ்ந்து கொடுத்ததால் அலையின் அடியில் சட்டகம் வளைந்ததேயன்றி எளிதில் உடையவில்லை. அதன்மேல் கடலோரத்தார் கடல்நாய்த் தோலையும், உள்நாட்டார் கரிபூ எனப்படும் வடதுருவ மானின் தோலையும் பெண்களின் கைத்திறனால் நீர் புகாதபடி தைத்துப் போர்த்தினர். ஓடத்தின் நீளமும் அகலமும் அதற்கு உரியவனின் கைவீச்சு, இடுப்பு ஆகியவற்றின் அளவை ஒட்டியே தீர்மானிக்கப்பட்டமையால், ஒருவனுக்கெனச் செய்த ஓடம் மற்றவனுக்குச் சரியாகப் பொருந்துவது அரிது.

இவ்வளவு தனிமனித அளவில் செய்யப்பட்ட ஓடம் கூட்டுத் தொழிலின் கருவியாக விளங்கியதை ஹட்சன் விரிகுடாவின் மேற்கே வாழ்ந்த உள்நாட்டு இனுயிட் மக்களிடம் தெளிவாகக் காணலாம். கடலிலிருந்து ஏறத்தாழ 320 கிலோமீட்டர் உள்ளே அமைந்த பேக்கர் ஏரியிலும், அதில் கலக்கும் கசான் ஆற்றிலும், கரிபூக் கூட்டங்கள் ஆண்டுதோறும் இடம்பெயரும்போது நீந்திக் கடக்கும் துறைகள் இருந்தன. அங்கே மனித உருவம்போல் அடுக்கிய கற்களை நிறுத்தி விலங்குகளைத் துறையை நோக்கித் திருப்பிய வேட்டைக்காரர்கள், முன்செல்லும் விலங்குகள் மருண்டு திரும்பிவிடாதபடி, கூட்டம் நடுநீரை அடையும்வரை மறைந்து காத்திருந்தனர். பின்னர் பல கயாக்குகள் ஒருசேரப் புறப்பட்டுக் கரைக்குச் செல்லும் வழியை மறிக்க, ஒவ்வொருவரும் நீந்தும் விலங்கை நெருங்கி, எறியாமல் கையில் பிடித்த ஈட்டியால் குத்தினர். கரிபூவின் மயிர் உள்ளே காற்று நிறைந்தது என்பதால் இறந்த விலங்கும் மிதந்தது. அதை ஓடத்தில் கட்டி இழுத்து வருவதும் எளிதாயிற்று. இவ்வேட்டைக்கென அமைந்த கயாக் கடலோர வகைகளைவிட இலேசானதாகவும் ஒடுங்கியதாகவும், பேரலைக்கன்றி விரைவுக்கே ஏற்றதாகவும் இருந்தது.

வேட்டையில் மட்டுமன்றி ஆபத்திலும் பயணத்திலும் கயாக்குகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. தனியாக எளிதில் கவிழக்கூடிய இவ்வோடங்களை இரண்டு மூன்றாகப் பக்கவாட்டில் சேர்த்து, துடுப்புகளைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டால் அவை மிதவைபோல் நிலைபெறும். சுமை ஏற்றவும் கடுங்காற்றைக் கடக்கவும் களைத்தவரைத் தாங்கவும் இம்முறை பயன்பட்டது.

ஐரோப்பாவில் கயாக்கைப் பொழுதுபோக்காகப் பரப்பியவர் ஸ்காட்லாந்து மரபினரான வழக்கறிஞர் ஜான் மக்கிரகர் ஆவார். கயாக்கின் வடிவத்தைத் தழுவி, தோலுக்குப் பதிலாக ஓக், சிடார் மரப்பலகைகளால் ஏறத்தாழ 15 அடி நீளத்தில் செய்யப்பட்ட ‘ராப் ராய்’ என்னும் ஓடத்தில் 1865ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் அவர் தனியே பயணம் செய்தார். அப்பயண நூல் மறு ஆண்டே வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. தனிப்பயணத்தைப் புகழ்ந்த அவரே 1866இல் இங்கிலாந்தில் ஓடக் கழகம் ஒன்றை நிறுவ முன்னின்றார் என்பதும், பின்னர் அரச கழகமாக உயர்ந்த அவ்வமைப்பின் வழியே ஓடமோட்டுதல் ஒரு கூட்டு விளையாட்டாக வேரூன்றியது என்பதும் குறிப்பிடத்தக்கன.

அதுவரை வசதி படைத்தோர்க்கே எட்டிய இவ்விளையாட்டைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது மடக்கு கயாக் ஆகும். மியூனிக்கில் கட்டடக்கலை பயின்ற ஆல்ஃபிரெட் ஹாய்ரிச் 1905இல் மூங்கில் சட்டகத்தின்மேல் துணி போர்த்திய ஓடத்தை அமைத்து ஈசார் ஆற்றில் செலுத்தினார். அதன் உரிமையை 1907இல் பெற்ற ரோசன்ஹைம் நகரத் தையற்காரர் யோகான் கிளெப்பர் அதை வணிகப் பொருளாக்கினார். கழற்றிப் பைகளில் கட்டி ரயிலில் கொண்டு செல்ல முடிந்ததால், ஓடத்தை வைக்கக் கரையில் கொட்டகை இல்லாத நகரத்துத் தொழிலாளரும் மாணவரும் கூட விடுமுறை நாளில் நண்பர்களோடு ஏரியை நாடினர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கயாக் பந்தயம் முறையான போட்டியாகச் சேர்க்கப்பட்டபோது, மடக்கு கயாக்கிற்கும் தனிப் போட்டிகள் நடத்தப்பட்டன. களமாக அமைந்தது குருநாவ் பகுதியின் லாங்கர் ஏரி. பின்னர் கண்ணாடி இழையும், 1970களிலிருந்து அச்சில் வார்த்த பாலிஎத்திலீனும் ஓடத்தை மலிவாக்கியதால், வாடகைக்கு எடுத்துக் குழுவாகச் செல்வது எங்கும் எளிதாயிற்று.

இந்தப் பரவல் நிகழ்ந்த அதே நூற்றாண்டில், துப்பாக்கியும் விசைப்படகும் கயாக்கை அதன் பிறப்பிடத்தில் வழக்கொழியச் செய்ததும், பஞ்சத்தாலும் அரசின் குடியமர்த்தலாலும் உள்நாட்டு இனுயிட் மக்கள் தங்கள் துறைகளைவிட்டு நிலையான ஊர்களுக்கு நகர நேர்ந்ததும் வேதனைக்குரியவை. எனினும் இனுயிட் மக்கள் தம் மரபைக் கைவிடவில்லை. கிரீன்லாந்தில் 1980களில் உருவான கயாக் சங்கம் இளையோருக்குப் பழைய கட்டுமானத்தையும் கவிழ்ந்து நிமிரும் திறனையும் கற்பித்தது. பேக்கர் ஏரி முதியோரின் நினைவுகள் பதிவு செய்யப்பட்டதோடு, கசான் ஆற்றின் இலையுதிர்காலக் கரிபூத் துறையைக் கனடா 1995இல் தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்றது.

இன்றைய பயிற்சியாளர்கள் குழுவினருக்கு முதலில் கற்பிக்கும் ஓடங்களைச் சேர்த்துப் பிடித்தல், கவிழ்ந்தவர் அருகிலுள்ள ஓடத்தின் முனையைப் பற்றி எழுதல், ஒருவர் பார்வையிலிருந்து ஒருவர் விலகாதிருத்தல் ஆகிய மூன்றுமே, துணையின்றிச் செல்லும் கயாக் எவ்வளவு எளிதில் ஆபத்துக்கு உள்ளாகும் என்பதை உணர்ந்த அந்த வேட்டைச் சமூகங்களின் அறிவோடு ஒத்தவை. ஆகவே ஏரியில் குழுவாகக் கயாக் செலுத்தும் பழக்கத்தை நகர வாழ்க்கை கண்ட புதிய பொழுதுபோக்காக மட்டும் எழுதும் வரலாறு முழுமையாகாது. அவ்வோடத்தையும் அதைக் கூடிச் செலுத்தும் ஒழுங்கையும் வகுத்த மக்களின் பெயர் அதில் முதலிடம் பெறுவதே நியாயம்.