விவேக வகுப்பறை: பிள்ளையின் தகவல் யார் கையில்?

தமிழ்ப்பள்ளி ஒன்றில் விவேக வகுப்பறை திறக்கப்படும்போது, திரை எத்தனை அங்குலம், செலவு எத்தனை ஆயிரம் ரிங்கிட், கொடுத்தவர் யார் என்ற விவரங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தத் திரையிலும் கைக்கணினியிலும் ஓடும் மென்பொருள் பிள்ளையைப் பற்றி எதை நினைவில் வைக்கிறது, எவ்வளவு காலம் வைக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்பவர் குறைவு. படிப்புக்கு உதவும் கருவியும் பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கும் கருவியும் வெவ்வேறானவை அல்ல. கருவியை வடிவமைக்கும்போதே இரண்டையும் சேர்த்து யோசித்தால், ஒரே கருவி இரண்டையும் செய்யும்.

நான்காம் ஆண்டுப் பின்னப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவன் திரையில் பத்துக் கணக்குகள் செய்கிறான். அவன் எந்தக் கணக்கில் தவறினான், பகுதி எண்களைச் சமன்படுத்தாமல் கூட்டினானா, எத்தனை முறை முயன்றான் என்பது தெரிந்தால் ஆசிரியருக்குப் போதும். மறுநாள் யாரை அருகில் அழைத்து எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும். அந்தக் கணக்குக்கு வீட்டு முகவரி வேண்டாம், தந்தையின் கைப்பேசி எண் வேண்டாம், மாணவன் இருக்கும் இடம் வேண்டாம், முகப்படமும் வேண்டாம். ஆனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கும் செயலிகள் உண்டு. தொல்லை அந்த ‘எதற்கும்’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. வாங்காத தகவலை யாராலும் திருட முடியாது.

அடையாள எண் கடவுச்சொல் அல்ல

மலேசியாவில் அடையாள அட்டை எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எண்ணைப் பார்த்ததுமே பிள்ளையைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், இந்த எண்ணோ ஆயுள் முழுவதும் கூடவே வரும். ஆனாலும் பதிவுப் பாரம் முதல் போட்டி நுழைவு வரை எல்லாவற்றிலும் அதை எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டோம்.

பள்ளித் தேர்வு முடிவுகளைப் பெற்றோர் இணையத்தில் பார்க்க உதவிய ‘சாப்ஸ்’ முறை, பாதுகாப்புக் குறை இருப்பதாகத் தகவல் வெளியானதும் 2018 ஜூன் மாதம் தற்காலிகமாக மூடப்பட்டது. பிள்ளையின் அடையாள எண்ணைத் தட்டினால் முடிவைப் பார்க்கலாம் என்பது பெற்றோருக்கு வசதியாக இருந்தது. எண்ணை அறிந்த வேறு எவருக்கும் அதே வசதி இருந்ததுதான் சிக்கல்.

2020 ஜூன் மாதம் கல்வியமைச்சு தொடங்கிய ‘டெலிமா’ தளம் இதில் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. கூகள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் நிறுவனங்களின் கருவிகளை ஒரே வாசலில் சேர்த்த தளம் அது. அதில் மாணவருக்குத் தரப்படும் மின்னஞ்சல் முகவரி பெயரிலோ அடையாள எண்ணிலோ அமைவதில்லை. ‘எம்’ என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும், ஆசிரியருக்கு ‘ஜி’. அந்த முகவரி வெளியே போனாலும் அது எந்தப் பிள்ளையுடையது என்று முன்பின் தெரியாதவருக்குத் தெரியாது. பாடம் இதனால் துளியும் கெடவில்லை. சொந்தமாகச் செயலி வாங்கும் பள்ளிகளும் டியூஷன் நிலையங்களும் இப்படி ஒரு மாற்று எண்ணைக் கொடுத்தே பிள்ளைகளைப் பதியலாம், அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

ஒரே சாவி, ஆயிரக்கணக்கான கருவிகள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் தனிப்பட்ட கற்றல் சாதனம் உண்டு. மாணவர் எந்தத் தளத்துக்குப் போகலாம், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் நிர்வாகச் செயலி அதில் இருக்கும். பள்ளி நேரம் முடிந்தபின் கட்டுப்பாட்டைத் தளர்த்தவோ நிறுத்திவைக்கவோ பெற்றோர் தேர்வு செய்யலாம். அந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

ஆனால் 2024இல் அந்தச் செயலியே பலவீனமான இடமானது. ஏப்ரல் மாதம் ‘மொபைல் கார்டியன்’ நிறுவனத்தின் நிர்வாகத் தளத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தவர்களுக்கு, 127 பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், ஊழியர்களின் பெயர்களும் மின்னஞ்சல்களும் கிடைத்தன. ஆகஸ்ட் 4ஆம் தேதி நடந்த மற்றொரு தாக்குதலில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. வேறிடத்தில் நகல் வைக்காதவர்களின் பாடக்குறிப்புகள் அதோடு போயின. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் அகற்றியது.

பிள்ளை தவறான தளத்துக்குப் போகாமல் தடுக்கக் கொடுத்த அதிகாரமே, கருவியை வெறுமையாக்கும் அதிகாரமாகவும் இருந்தது. ஒரு நிர்வாகக் கணக்கு கைமாறினால் எத்தனை கருவிகள் பாதிக்கப்படும் என்பதை, வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளைக்கு இன்னொருவரின் ஒப்புதலும் வேண்டும் என்று அமைத்தால், ஒரு கடவுச்சொல் திருட்டுப் போவதால் இவ்வளவு சேதம் வராது.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதும் அதே அளவு முக்கியம். வட அமெரிக்கப் பள்ளிகள் பல பயன்படுத்தும் ‘பவர்ஸ்கூல்’ முறைக்குள் 2024 டிசம்பரில் ஊடுருவல் நடந்தது. கனடாவின் டொரொண்டோ பள்ளி வாரியம் தன் மாணவர்களுக்கு அறிவித்தபோது, பாதிப்பு 1985ஆம் ஆண்டுப் பதிவுகள் வரை போகக்கூடும் என்றது. அன்று முதலாம் ஆண்டில் படித்தவருக்கு இன்று பேரப்பிள்ளையே இருக்கலாம். நிறுவனம் பணம் கொடுத்தும், 2025 மே மாதம் சில பள்ளி வாரியங்களுக்கு மறுபடியும் மிரட்டல் வந்தது. பழைய வருகைப்பதிவையும் மருத்துவக் குறிப்பையும் உரிய காலத்தில் அழித்திருந்தால் திருடர்களுக்குக் கிடைத்தது குறைந்திருக்கும்.

முகத்தைக் காட்டி வருகைப்பதிவு செய்யும் கருவியை நவீனம் என்று விற்கிறார்கள். சுவீடனின் ஷெலெஃப்தியோ நகரப் பள்ளி ஒன்று 22 மாணவர்களை வைத்து மூன்று வாரம் இதைச் சோதித்தது. தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் 200,000 குரோனர் அபராதம் விதித்தது. பெற்றோர் ஒப்புதல் கொடுத்தார்களே என்ற வாதம் எடுபடவில்லை. பள்ளி கேட்கும்போது மறுப்பது எளிதல்ல, ஆகவே அந்தச் சம்மதம் மனமுவந்து தந்ததாகாது என்பதே காரணம். நம் ஊரில் தலைமையாசிரியர் நீட்டும் பாரத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திடும் தோட்டத் தொழிலாளி எத்தனை பேர் என்று யோசித்தால் இது விளங்கும். பெயரைக் கூப்பிட்டு ‘உள்ளேன் ஐயா’ கேட்க இரண்டு நிமிடம்தான் ஆகிறது.

தோட்டப்புற வீட்டில் ஒரே கைப்பேசி

கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து படித்தபோது பல குடும்பங்களில் அப்பாவின் கைப்பேசிதான் மூன்று பிள்ளைகளுக்கும் வகுப்பறை. அப்பாவின் கணக்கிலேயே பிள்ளையின் பாடமும் நடந்தால், அவர் பார்க்கும் விளம்பரமும் பிள்ளையின் தேடலும் ஒரே பதிவில் கலந்துவிடும். அக்காளின் மதிப்பெண் தம்பிக்குத் தெரியும். பகிர்ந்த கருவியில் ஒவ்வொருவருக்கும் தனி நுழைவும், சிறிது நேரம் தொடாவிட்டால் தானே வெளியேறும் அமைப்பும் வேண்டும்.

இணைய வேகம் குறைந்த தோட்டங்களுக்கு ஏற்ற வடிவமைப்பு அந்தரங்கத்துக்கும் நல்லதாக அமைவதுதான் சுவையான செய்தி. பாடத்தைப் பள்ளியிலேயே இறக்கிக்கொண்டு, கருவிக்குள்ளேயே விடை திருத்தி, மறுநாள் பள்ளியில் மதிப்பெண்ணை மட்டும் அனுப்பும் செயலிக்குத் தரவும் குறைவாகச் செலவாகும், வெளியே போகும் தகவலும் குறையும். பிள்ளையின் ஒவ்வொரு தட்டலையும் தொலைதூரக் கணினிக்கு அனுப்பும் செயலியோ, மழை பெய்தால் சுற்றிச்சுற்றி நிற்கும்.

அன்றாடக் கசிவு பெரும்பாலும் இதைவிடச் சாதாரணமான வழியில் நடக்கிறது. வகுப்பு முழுவதின் மதிப்பெண் பட்டியல் அடையாள எண்களோடு புலனக் குழுவில் வந்து விழுகிறது. அதை எத்தனை பேர் எங்கெல்லாம் அனுப்பினார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பெற்றோருக்கும் தம் பிள்ளையின் வரியை மட்டும் காட்டும் வசதி மென்பொருளிலேயே இருந்தால், நேரமில்லாத ஆசிரியரும் அதைத்தான் பயன்படுத்துவார். ஆசிரியரைக் குறைசொல்வதைவிட அந்த வசதியைக் கேட்டு வாங்குவது பலன் தரும்.

சட்டத்தின் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. டியூஷன் நிலையம், தனியார் பள்ளி, செயலி விற்கும் நிறுவனம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் முகம், கைரேகை போன்ற உடலடையாளத் தரவுகளை நுட்பமான தரவுகளின் வரிசையில் சேர்த்தது. சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் உச்ச அபராதத்தை 300,000 ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காகச் சம்மதம் தருபவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறவும் அச்சட்டத்தின் 38ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, பழைய டியூஷன் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டாலும் அதில் திறந்த கணக்கு நிறுவனத்திடம் அப்படியேதான் இருக்கும். கணக்கை மூடித் தரவை அழிக்கும்படி பெற்றோர் ஒரு சிறு கடிதம் அல்லது மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைத் தேதியோடு வைத்துக்கொள்ளலாம்.