வலக்கையும் இடக்கையும்



திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில் வித்துரா என்னும் ஊர் உள்ளது. அம்மலைப் பகுதியில் தேயிலைத் தோட்ட வேலைக்கெனத் தமிழ்க் குடும்பங்கள் சென்று குடியேறின. கொழுந்து பறிக்க இரு கைகளும் ஒருங்கே வேண்டும். அங்கே வலம், இடம் என்னும் பேதம் எழுவதில்லை. ஆனால், சோற்றில் இடக்கை வைக்கும் குழந்தையைக் கண்டால் எவ்வூரிலும் நம் வீடுகள் பதறுகின்றன. அப்பதற்றத்துக்கு அடிப்படை உண்டா? மனிதகுல வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம்.

1863இல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் பின்னர் அகழ்ந்தெடுத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என 2011இல் வெளியான ஆய்வு கணித்தது. இத்தகைய கருவிகளைச் செதுக்கிய கைகள் மண்ணாயின, கற்களே எஞ்சின. கல் கையைக் காட்டுமா?

காட்டலாம் என்றார் நிக்கலஸ் டாத். வலக்கையர் சுத்திக்கல்லை வலக்கையில் பிடித்து, செதுக்கும் கல்லை இடக்கையில் ஒரே பக்கமாகத் திருப்புவர். அதனால் பெயரும் சில்லுகள் பலவற்றில் கல்லின் பழைய மேற்றோல் வலப்புறம் எஞ்சும். கென்யாவின் கூபி போராச் சில்லுகளில் இவ்வகை நூற்றுக்கு 57 என்று 1985இல் அவர் எழுதினார். இம்முறையைப் பிறர் ஐயுற்றதும் உண்டு. ஆயினும் பற்களும் சான்று பகர்கின்றன. பல்லால் கவ்விய இறைச்சியைக் கல்லால் அறுக்கையில் பல்லில் கீறல் விழும். அதன் சாய்வு கையைக் காட்டும். தான்சானியாவின் ஓல்டுவாயில் கிடைத்த, 18 இலட்சம் ஆண்டுக்கு முந்திய தாடை வலக்கையர் ஒருவருடையது என 2016இல் ஆய்வாளர் உரைத்தனர்.

இன்று உலகில் பத்தில் ஒருவர் இடக்கையர். ஒரு தனி மரபணுவால் இஃது அமைவதன்று. 17 இலட்சம் மக்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புடைய 41 மரபணு வேறுபாடுகளைச் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது.

தமிழகத்தில் கைகளின் பெயரை ஊரார் வேறு வழியிலும் ஆண்டனர். சோழர் காலத்திலிருந்தே வலங்கை, இடங்கை எனச் சாதிகள் பிரிந்து நின்றன. 1707இல் சென்னையில் தெரு உரிமைக்காக அவை பூசலிட்டன. எழுதும் கைக்கும் அப்பிரிவுக்கும் தொடர்பே இல்லை. பெயரில் ஏறிய உயர்வு தாழ்வு உடலில் இருந்ததன்று.

உண்ணும் கையையும் கழுவும் கையையும் வேறாக வைப்பதே நம் வழக்கத்தின் உட்பொருள். இடக்கைக் குழந்தையும் அதைப் பேண இயலும். கைகள் மட்டும் மாறும். ஆகவே, அக்குழந்தையின் கையில் பிரம்பு படாதிருக்கட்டும். எழுதுகோலை அது விரும்பும் கையிலேயே நாம் கொடுப்போம்.