கார்டைட் வழக்கும் அறிவியல் படித்த வக்கீலும்

நீலகிரியில் குன்னூரை ஒட்டிய அருவங்காட்டில் 1903-இல் தொடங்கப்பட்ட வெடிமருந்து ஆலையைச் சுற்றுவட்டாரத்தில் ‘கார்டைட் பேக்டரி’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான, அதிகம் புகையாத துப்பாக்கி மருந்து யாருக்குச் சொந்தம் என்ற சண்டை அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் ஆல்பிரட் நோபலின் நிறுவனம், மறுபக்கம் பிரிட்டிஷ் அரசு. காப்புரிமை வழக்கை நடத்துபவருக்குச் சட்டத்தோடு அறிவியலும் ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த வழக்கே போதுமான சாட்சி என்பது என் கருத்து.

நோபல் 1888-இல் பாலிஸ்டைட் என்ற மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது பிரிட்டிஷ் அரசு அமைத்த வெடிமருந்துக் குழுவில் இருந்த வேதியியலாளர்கள் ஃபிரடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டூவரும் அவரிடம் விவரம் கேட்டார்கள். அவரும் நம்பிக் கொடுத்தார். 1889-இல் அவ்விருவரும் கார்டைட்டுக்குத் தங்கள் பெயரில் காப்புரிமை வாங்கினார்கள். இரண்டு மருந்திலும் நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோசும்தான் மூலப்பொருள். ஆனால் நைட்ரோசெல்லுலோஸ் என்பது ஒரே பண்டமல்ல. பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்து அதைச் செய்கிறார்கள். அமிலத்தின் செறிவும் சூடும் ஊறும் நேரமும் மாறினால் கிடைப்பதும் மாறும். நைட்ரஜன் குறைவாக ஏறியது ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த திரவத்தில் கரையும். நிறைய ஏறியது கரையாது. நோபலின் ஆவணம், எல்லோரும் அறிந்த கரையும் வகை என்று எழுதியிருந்தது. கார்டைட்டோ கரையாத வகையை அசிட்டோனில் இளக்கிச் செய்யப்பட்டது. அந்த ஒரு அடைமொழியே நோபலைக் கவிழ்த்தது. கீழ் நீதிமன்றம், மேல்முறையீடு, கடைசியாக 1895-இல் பிரபுக்கள் சபை என மூன்று இடத்திலும் அவர் தரப்பு தோற்றது. வேதியியலில் முந்தியவர் எழுத்தில் தோற்றது எனக்கு இன்றும் அநியாயமாகவே படுகிறது.

‘அப்படியானால் வழக்கைத் தீர்த்தது சொல்லுக்குப் பொருள் காண்பதுதானே, அது எந்த வக்கீலுக்கும் தெரிந்த வேலைதானே’ என்று கேட்கலாம். அந்தச் சொல்லின் எல்லை சோதனைக்குழாயில் இருக்கிறது என்பதே என் பதில். கரைவதும் கரையாததும் இரண்டு தனிப் பொருள்களா, அல்லது ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிறுகச் சிறுகப் போகும் படிகளா? 1888-இல் அந்தத் துறையில் இருந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் எதை நினைத்திருப்பார்? இதற்கு அகராதியில் பதில் கிடைக்காது. நிபுணர்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்கத்தான் வேண்டும். பெயர்பெற்ற நிபுணர்கள் எதிரெதிராகச் சொல்லும்போது அடுத்த கேள்வி என்ன என்பது வேதியியல் அறிந்தவருக்கே தோன்றும். அதைவிட முக்கியம், இந்த வழக்கின் விதி ஆவணத்தை எழுதிய அன்றே முடிவாகிவிட்டது. கரையாத வகையும் ஒருநாள் பயன்படக்கூடும் என்று ஊகிக்கத் தெரிந்த ஒருவர் அப்போது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் அந்தக் காலத்திலேயே உருவாகிக்கொண்டிருந்தார்கள். ஜான் ஃபிளெட்சர் மோல்டன் 1868-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். 1874-இல் வக்கீலானார். வாயுக்களில் மின்சாரம் பாய்வது பற்றி வில்லியம் ஸ்பாட்டிஸ்வுட்டுடன் சேர்ந்து ஆய்வு செய்து 1880-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். காப்புரிமை வழக்குகளே அவருக்குப் பேரும் பொருளும் தந்தன. பிறகு மேல்முறையீட்டு நீதிபதியானார். முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்து உற்பத்தி முழுவதையும் எழுபது வயதை எட்டிய இந்த நீதிபதியிடம்தான் ஒப்படைத்தார்கள். தட்டுப்பாடாக இருந்த டிஎன்டியுடன் அம்மோனியம் நைட்ரேட்டைக் கலந்த அமடோலை அவர் வலியுறுத்திக் கொண்டுவந்தார். அவருடைய அறிவியல் மேடைப் பேச்சுக்கான சரக்கு அல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

அறிவியல் தெரிய வேண்டியவர் நீதிபதிதான், வக்கீல் அல்ல என்ற எதிர்வாதம் கனமானது. 1911-இல் நியூயார்க்கில் அட்ரினலின் காப்புரிமை வழக்கைத் தீர்த்த லெர்னட் ஹாண்ட், வேதியியலின் அரிச்சுவடிகூட அறியாதவர் இத்தகைய கேள்விகளை முடிவு செய்ய நேர்வதைத் தீர்ப்பிலேயே குறைப்பட்டார். ஜெர்மனியில் நீதிமன்றம் நிபுணர் உதவி பெறுவதையும் சுட்டிக்காட்டினார். அவர் குறை நியாயமானது. ஆனால் ஒரு நீதிபதி முன் இன்று மருந்து வரும், நாளை எஞ்சின் வரும். எல்லாவற்றிலும் பட்டம் பெற்றவர் கிடைக்கமாட்டார். அந்தந்த வழக்குக்கேற்ற அறிவைக் கொண்டுவந்து அவருக்குப் புரியவைக்கும் கடமை வக்கீல் மேல்தான் விழுகிறது. அத்தகைய வக்கீலைப் பணமுள்ள பெரிய கம்பெனிகளே அமர்த்த முடிகிறது என்பது மட்டும் மறுக்க முடியாத குறை.

இந்தியச் சட்டம் இதில் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்யும் காப்புரிமை முகவருக்கு அறிவியல் அல்லது பொறியியல், தொழில்நுட்பப் பட்டம் வேண்டும் என்கிறது. அறிவியல் பட்டம் பெற்ற வக்கீலுக்குத் தேர்வின்றி முகவராகும் வழியை 2005 திருத்தம் அடைத்தது. 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே காப்புரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடுபவருக்கோ அறிவியல் பட்டம் கட்டாயமில்லை. நீதிமன்றம் வேண்டினால் அறிவியல் ஆலோசகரை நியமித்துக்கொள்ளலாம் என்று 115-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த ஆலோசகர் நீதிமன்றத்துக்கு உதவுவார். எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் வேலை வக்கீலுடையதாகவே இருக்கிறது.