கடைக்காரரிடம் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 முதல் கஞ்சாவைக் கடையில் வாங்கலாம். அங்குள்ள 400 கடைகளுக்கு ஆய்வாளர்கள் தொலைபேசியில் பேசினார்கள். எட்டு வாரக் கர்ப்பிணி என்றும், மசக்கை வாந்தி தாங்கவில்லை என்றும் சொன்னார்கள். 69 விழுக்காட்டுக் கடைகள் கஞ்சாவைப் பரிந்துரைத்தன. மருத்துவரைக் கேட்கும்படி தாமாகவே சொன்னவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2018இல் இந்த ஆய்வு வெளியானபோது கடைக்காரர்கள்மீது கோபம் எழுந்தது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை ஒரு பெண் தன் மருத்துவரிடம் கேட்டால் என்ன நடக்கும்?

வரலாறு பதில் சொல்கிறது. ஃபுளோரிடாவின் பினெல்லாஸ் மாவட்டத்தில் 715 கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. போதைப்பொருள் பயன்பாடு வெள்ளையின, கறுப்பினப் பெண்களிடையே ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. கஞ்சா வெள்ளையினப் பெண்களிடமே அதிகம். ஆனால் அதிகாரிகளிடம் புகாரளிக்கப்பட்டதோ கறுப்பினப் பெண்கள்மீது, சுமார் பத்து மடங்கு கூடுதலாக.

அதே காலத்தில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு பொது மருத்துவமனை, கர்ப்பிணிகளின் கொக்கெயின் சோதனை முடிவுகளைக் காவல்துறைக்குக் கொடுத்தது. கைதான 30 பெண்களில் ஒருவரைத் தவிர அனைவரும் கறுப்பினத்தவர். நோயாளியின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் இப்படிச் சோதிப்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது; பயம் போகவில்லை.

எச்சரிக்கை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கஞ்சாவின் போதைக் கூறான டிஎச்சி நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. குறைந்த பிறப்பு எடையோடு அதற்குள்ள தொடர்பைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதில் புகையிலையின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் கடினம். 2019இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ், கர்ப்பிணிகள் கஞ்சாவைத் தவிர்க்க வேண்டும் என அறிவுரை வெளியிட்டார். தேவையான அறிவுரைதான்.

ஆனால் அறிவுரை பலிக்க, பெண் வாய் திறந்து பேச முடிய வேண்டும். சிகிச்சை நாடி வருவது தண்டனைக்கு வழியாகக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பே 2011இல் சொன்னது. உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறவள், வாந்தியோடு கடைக்காரரைத்தான் கேட்பாள். அவர் மருத்துவர் இல்லை. ஆனால் காவல்துறைக்குத் தகவல் சொல்லமாட்டார்.