நேரடிப் பண உதவியும் முதிய உழவரும் (மேற்குக் கென்யா)

நேரடிப் பண உதவி என்பது உணவுப் பொட்டலம், விதை, கறவை மாடு, பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்குப் பதிலாக, திருப்பித் தரவேண்டாத பணத்தை நிபந்தனையில்லாமல் ஏழைகளின் கையில் கொடுக்கும் முறை. விளைவதைத் தாமே உண்டு வாழும் உழவர்களிடம் இது என்ன செய்கிறது என்பது வேறெந்த இடத்தையும்விட மேற்குக் கென்யாவில், குறிப்பாக விக்டோரியா ஏரியை ஒட்டி லுவோ மக்கள் வாழும் சியாயா மாவட்டத்தில், விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. உழவருக்கு வயதாகிவிட்டால் இந்தக் கணக்கே மாறுகிறது. இளையவருக்குப் பணம் தொழிலுக்கான முதல். முதியவருக்கோ அது முதலில் தன் உடம்பு இனிச் செய்யமுடியாத வேலைக்கான கூலி.

பின்னணி

இப்பகுதியில் நிலம் மகன்களுக்குப் பாகம் பிரிந்து பிரிந்து சிறுத்துவிட்டது. மக்காச்சோளம், சோளம், பீன்ஸ், மரவள்ளி ஆகியவை வானம் பார்த்த பயிர்கள். மார்ச் மாதம் தொடங்கும் நீண்ட மழையும் அக்டோபரில் தொடங்கும் குறுமழையுமே ஆண்டின் இரு போகங்கள். ஏர்மாடு வைத்திருப்பவர்கள் உண்டு; இல்லாதவர்கள் ஜெம்பே எனப்படும் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்துகிறார்கள். எழுபது வயதில் ஒரு ஏக்கரைக் கொத்தி முடிப்பதற்குள் விதைப்புப் பருவம் போய்விடும். ஆள் வைக்கலாமென்றால் கூலி கொடுக்கக் கையில் காசு இருக்காது. தாமதமாக விதைத்த வயல் குறைவாக விளையும், குறைந்த விளைச்சல் அடுத்த அறுவடைவரை வராது. முன் சேமித்த தானியம் தீர்ந்து புதுக் கதிர் முற்றாத மே, ஜூன் மாதங்களில்தான் கோழியும் ஆடும் விலைபோகின்றன.

எய்ட்ஸ் நோய் கடுமையாகத் தாக்கிய பகுதி இது. நடுத்தலைமுறை இறந்துபோன வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்கள் பாட்டிகள். ஆகவே முதிய உழவர் என்றால் பிள்ளைகளின் நிழலில் ஓய்ந்திருப்பவர் என்று எண்ணிவிடக்கூடாது. பல வீடுகளில் உலை வைப்பதும் பள்ளிச் செலவுக்குப் பொறுப்பேற்பதும் அவரே.

பணம் வந்த வழி

2007இல் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா கைப்பேசிப் பணப் பரிமாற்றம் இல்லாவிட்டால் இந்த முறை இவ்வளவு பரவியிருக்காது. வங்கிக்கிளை இல்லாத ஊரிலும் பெட்டிக்கடை அளவுள்ள முகவர் கடையில் பணமெடுக்க முடிந்தது. ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் படித்த மைக்கேல் ஃபே, பால் நீஹவுஸ், ஜெரமி ஷபிரோ, ரோஹித் வாஞ்சூ ஆகியோர் நிறுவிய கிவ்டைரக்ட்லி இந்த வழியைப் பயன்படுத்தியது. தொடக்கத்தில் ஏழைகளை அடையாளம் காண அது வைத்திருந்த அளவுகோல் எளிமையானது: கூரை வேய்ந்த வீடு என்றால் உதவி உண்டு, தகரம் போட்ட வீடு என்றால் இல்லை. நகரத்து மகன் எப்போதோ தகரம் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பியே பார்க்காத வீட்டுக் கிழவி இந்த அளவுகோலில் பணக்காரி. பின்னாளில் சில திட்டங்களில் ஊர் முழுவதற்கும் கொடுக்கும் முறை வந்தது.

எல்லோரும் கைநீட்டி வாங்கிவிடவில்லை. 2015இல் ஹோமா பே மாவட்டத்துக்குள் கிவ்டைரக்ட்லி நுழைந்தபோது ஏறத்தாழ 45 விழுக்காட்டுக் குடும்பங்கள் மறுத்துவிட்டன. உழைக்காமல் வரும் பணம் சாத்தானின் பணம், ஏதோ மறைவான கூட்டத்தின் வேலை என்று பேச்சு பரவியிருந்தது. இதை அறியாமை என்று தள்ளுவது எளிது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் பணம் தருவதை நம்புவதற்கு ஊராருக்கு முன் அனுபவம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மொத்தப் பணமும் கூரையும்

2014க்குப் பின் சியாயாவில் நடந்த பெரிய ஆய்வில் ஒரு குடும்பத்துக்கு 87,000 ஷில்லிங், அன்றைய மதிப்பில் சுமார் 1,000 டாலர், மூன்று தவணையாகத் தரப்பட்டது. சராசரிக் குடும்பத்தின் ஓராண்டுச் செலவில் இது முக்கால் பங்கு. 653 ஊர்களை உள்ளடக்கிய அந்த ஆய்வில் பணம் பெற்ற குடும்பங்கள் 10,500க்கும் மேல்.

இத்தகைய பணம் கண்ணில் படும்படி போய்ச் சேர்ந்த இடம் கூரை. ராரியேடா வட்டாரத்தில் 2011 முதல் 2013 வரை யோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபரும் ஷபிரோவும் நடத்திய முந்தைய ஆய்வு, பணம் பெற்ற குடும்பங்களின் சொத்து மதிப்பு 58 விழுக்காடு கூடியதைக் காட்டியது. கால்நடையும் தகரக் கூரையும் அதில் முக்கியமானவை. தகரம் போடுவதை வீண் பெருமைக்கான செலவாகச் சிலர் எண்ணினார்கள். ஆனால் புல்கூரையை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். புல் வாங்கவேண்டும், சுமந்துவரவேண்டும், ஏறி வேய ஆள் தேடவேண்டும். இளைஞன் இதில் பாதியைத் தானே செய்துகொள்வான். கணவனை இழந்த முதியவளுக்கு ஒவ்வொரு படியும் காசு, அல்லது ஒருவரிடம் போய் நிற்கும் கடப்பாடு. தகரம் இந்தச் செலவை ஒரே வீச்சில் முடித்துவிடுகிறது. ஒழுகும் கூரையின்கீழ் தானியம் பூசணம் பிடிப்பதும் நிற்கிறது. மழைநீரைப் பிடித்துவைக்க முடிவதால் தண்ணீர் சுமக்கும் நடையும் ஓரளவு மிச்சம். முதுமையில் தகரக் கூரை ஒரு நல்ல முதலீடு என்று சொல்வது மிகையாகாது.

பணம் சாராயக்கடைக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கு ராரியேடா ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. மது, புகையிலைச் செலவு கூடவில்லை. ஷபிரோ கிவ்டைரக்ட்லியை நிறுவியவர்களுள் ஒருவர், 653 ஊர் ஆய்வின் ஆசிரியர்களுள் அதை நிறுவிய நீஹவுஸும் ஒருவர் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் அதை மறைக்கவில்லை.

மாதப் பணம்

ராரியேடா ஆய்வில் மாதாமாதம் பெற்றவர்களிடம் உணவுப் பாதுகாப்பு கூடியது; மொத்தமாகப் பெற்றவர்கள் நீடித்த பொருள்களில் செலவிட்டார்கள். இந்த வேறுபாட்டை இன்னும் பெரிய அளவில் பார்க்க, சியாயாவிலும் பொமெட்டிலும் 295 ஊர்களில் ஓர் அடிப்படை வருமான ஆய்வு தொடங்கியது. அபிஜித் பானர்ஜி, தவ்னீத் சூரி, ஆலன் க்ரூகர், நீஹவுஸ் முதலியோர் இதை வடிவமைத்தார்கள். 44 ஊர்களுக்கு 12 ஆண்டு, 80 ஊர்களுக்கு இரண்டு ஆண்டு மாதப் பணம். 71 ஊர்களுக்கு மொத்தப் பணம். 100 ஊர்கள் ஒப்பீட்டுக்காக, உதவியின்றி. மாதத் தொகை ஆளுக்கு 2,250 ஷில்லிங்.

ஆளுக்கு என்பதுதான் முதியவர்களைப் பொறுத்தவரை முக்கியம். 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பணம் வந்தது. மகனுக்கு எவ்வளவோ அவ்வளவே தாய்க்கும். வீட்டுத் தலைவர் பெயரில் ஒரே தொகை வந்தால் பங்கு கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர் இங்கே கேட்கவேண்டியதில்லை. அதே நேரம், எழுத்து தெரியாத, பார்வை மங்கிய முதியவர் ரகசிய எண்ணைப் பேரனிடமோ முகவரிடமோ சொல்லவேண்டியிருக்கும். பணம் யாருடைய பெயரில் வருகிறது என்பதும் யாருடைய விரல் எண்ணை அழுத்துகிறது என்பதும் வேறுவேறு.

12 ஆண்டுத் திட்டத்தில் இருந்தவர்கள் சுழற்சிச் சீட்டுகளில் அதிகமாகச் சேர்ந்து, சிறு தொகையைத் தாங்களே மொத்தத் தொகையாக்கிக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் கண்ட சுவையான செய்தி. சீட்டுக் கட்டத் தெரிந்த நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மக்கள் உழைப்பைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. கூலி வேலையை விட்டுச் சிறு வணிகத்துக்கு மாறினார்கள். இதில் முதிய உழவருக்கு ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் பணம் வரும்போது களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகலாம். கூலி கொடுக்கக் காசு வந்த வேளையில் கூலியாள் கடை போட்டுவிடுகிறார்.

அண்டை வீட்டார்

87,000 ஷில்லிங் ஆய்வில் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் சுமார் 2.5 டாலர் பெருகியது என்று கணிக்கப்பட்டது. விலைவாசி ஏற்றம் சராசரியாக 0.1 விழுக்காடு மட்டுமே. பணம் பெறாதவர்களும் கடைகள் வழியே பயன்பெற்றார்கள். ஆனால் ராரியேடாவில் அண்டை வீட்டுக்குப் பெருந்தொகை வந்ததைக் கண்டவர்களின் மனநிறைவு சிறிது காலம் குறைந்தது என்றும் ஓர் ஆய்வு உண்டு. கைமாற்றிலும் ஒத்தாசையிலும் காலம் தள்ளும் முதியவருக்கு ஊராரின் மனக்கசப்பு சிறிய இழப்பல்ல.

அரசு ஓய்வூதியம்

கென்ய அரசின் இனுவா ஜமீ திட்டம் 2018 முதல் 70 வயது கடந்தவர்களுக்கு, வேறு ஓய்வூதியம் இல்லாவிட்டால், மாதம் 2,000 ஷில்லிங் வழங்குகிறது. அதற்கு முன் 65 வயது கடந்த ஏழைகளுக்கு மட்டும் ஓர் உதவி இருந்தது. பல ஆண்டுகள் பணம் மாதாமாதம் ஒழுங்காக வரவில்லை. நிலுவை சேர்ந்து மொத்தமாக வருவதே வழக்கமாக இருந்தது. விலை ஏறினாலும் தொகை ஏறவில்லை. 2023இல் 90 கிலோ மக்காச்சோள மூட்டை 5,000 ஷில்லிங்கைத் தாண்டியபோது, ஒரு மாத உதவிக்கு அரை மூட்டைகூடக் கிடைக்கவில்லை.

பாட்டிக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் பேத்தியின் உடல் எடையைக் கூட்டியதை எஸ்தர் டுஃப்ளோ 2003இல் தென்னாப்பிரிக்காவில் காட்டினார். அங்கே அந்தத் தொகை கணிசமானது, கென்யாவில் அப்படியில்லை. சியாயாவின் 12 ஆண்டுத் திட்டத்தில் 58 வயதில் சேர்ந்தவருக்கு 2030 அளவில் அந்தப் பணம் நிற்கும்போது வயது 70. அதன்பின் அரசின் பட்டியலில் பெயர் ஏறினால் 2,000 ஷில்லிங். ஆனால் 70 நிறைந்த அன்றே பெயர் ஏறிவிடாது. புதிய பதிவு எப்போது நடக்கிறதோ அதுவரை காத்திருக்கவேண்டும்.