வீதியும் அதன் அடிநிலமும்

வீதி ஊராரின் சொத்து என்று நாம் வகுப்பறையிற் பல தடவை கூறியிருக்கின்றோம். பேச்சளவில் அது சரியே. சட்டத்தின் நோக்கில் விடயம் அவ்வளவு எளிதன்று. ஆங்கிலேயரின் பொதுச் சட்ட மரபின்படி வீதியில் மக்களுக்கு உள்ளது நடமாடும் உரிமை மாத்திரமே. அடிநிலமோ, பெரும்பாலும், இரு மருங்கிலும் உள்ள காணிக்காரருக்குரியது. நடுக்கோடு வரை ஒருவருக்கு; அதற்கப்பால் எதிர்ப்பக்கத்தவருக்கு. நடமாடும் உரிமையை அகற்றிவிட்டால் மறைந்து கிடந்த தனியுடைமை தானாகவே தலைதூக்கும். இச்செயலை அமெரிக்க நகரசபைகள் வீதியை 'விடுவித்தல்' என்ற கருத்துப்படக் குறிப்பிடுகின்றன. எதனிடமிருந்து எதனை விடுவிக்கின்றார்கள் என்று ஒரு கணம் சிந்தித்தால் இச்சொல்லின் குறும்பு புலனாகும். விடுவிக்கப்படுவது நிலம், பொதுமக்களிடமிருந்து.

இவ்வதிகாரத்தின் பழைய வரலாறு இங்கிலாந்திலுள்ளது. 1815ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பாதை தேவையற்றது என்று இரண்டு நீதவான்கள் கருதினால் அதனை மூடிவிட இடமளித்தது. அந்நாளில் நாட்டுப்புற நீதவான்கள் யார்? நிலக்கிழார்களேதாம். ஒருவர் தோட்டத்தின் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதை, அவரோடு விருந்துண்ணும் இன்னொருவரின் கண்ணுக்குத் தேவையற்றதாய்த் தோன்றுவதில் வியப்பில்லை. பழைய நடைபாதைகளைக் காப்பதற்கென மான்செஸ்டரில் 1826இல் ஒரு சங்கம் தோன்றியது. பஞ்சாலை நகரத்து மக்களுக்குத் திறந்த வெளியாய் எஞ்சியிருந்தவை அப்பாதைகளே என்பதை நினைவிற் கொண்டால், அச்சங்கத்தின் தேவை விளங்கும்.

அமெரிக்காவில் இவ்வதிகாரம் தேர்தலால் வந்த சபைகளிடம் சேர்ந்தது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வாஷிங்டன் மாநிலத்தின் முறையைச் சற்று விரிவாய்ப் பார்ப்போம். வீதியை அடுத்துள்ள காணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டதன் உரிமையாளர்கள் மனுச் செய்யலாம். அல்லது சபை தானே பிரேரணை கொண்டுவரலாம். விசாரணைக்குரிய நாள் 20 நாட்களுக்குக் குறையாமலும் 60 நாட்களுக்கு மேற்படாமலும் குறிக்கப்படும். அறிவித்தல் ஊரின் முக்கியமான மூன்று பொது இடங்களிலும் அவ்வீதியிலேயும் ஒட்டப்படல் வேண்டும். ஈடாகச் சபை நிலமதிப்பின் அரைப்பங்கு வரை கேட்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுவழியாய் இருந்ததாயின் முழு மதிப்பையும் கேட்கலாம். நீர்க்கரையை எட்டும் வீதிகளை விடுவிப்பதற்குக் கடுமையான தடைகள் உண்டு; கடலோரம் மக்களுக்கு அடைபட்டுப் போகலாகாது என்ற எண்ணம் அதிலே தெரிகின்றது. இவ்வளவும் நல்லவையே. ஆயினும் மனுச் செய்யும் உரிமை காணிக்காரருக்கு மாத்திரம் உண்டு என்பதைக் கவனித்தல் வேண்டும். அவ்வீதியால் நாள்தோறும் வேலைக்கு நடந்து செல்பவன் விசாரணையிற் பேசலாம், அவ்வளவுதான்.

அம்மாநிலத்துச் சியாற்றில் நகரில் 2016ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பு எமது கவனத்துக்குரியது. 2008இல் நகரைவிட்டுப் போன கூடைப்பந்தாட்டக் குழுவுக்கு ஈடாகப் புதியதொரு குழுவைக் கொணர விரும்பிய முதலீட்டாளர் ஒருவர், பேரரங்கு கட்டுதற்கு ஒக்சிடென்ரல் வீதியின் ஒரு துண்டை விடுவிக்குமாறு கேட்டார். துறைமுகத்தை அண்டிய பகுதி அது, பாரவண்டிகள் ஓடுமிடம். கப்பல்துறைத் தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. கட்டிடத் தொழிலாளர் தரப்போ வேலை கிடைக்கும் என்று ஆதரித்தது. தொழிலாளர் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை நலன்கள் மோதுகின்றன என்பதை ஏட்டுப் படிப்பு எமக்குப் போதுமான அளவு சொல்லித் தரவில்லை. ஒன்பதின்மர் கொண்ட சபையில் ஐவர் எதிர்த்தும் நால்வர் ஆதரித்தும் வாக்களிக்க, மனுத் தோற்றது. எதிர்த்த ஐவரும் பெண்கள். அவருள் ஒருவர் இந்தியாவிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த சோஷலிசவாதியான ஷாமா சாவந்த். வாக்கெடுப்பின் பின் அப்பெண்கள்மீது சொரியப்பட்ட வசைமொழிகள் இங்கு எழுதத் தகாதவை. எதிர்த்தவர்களுள் ஆண் ஒருவரும் இருந்திருந்தால் அம்மொழிகள் வேறாயிருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகின்றோம். பின்னர் நகரின் பழைய அரங்கே புதுப்பிக்கப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. ஒரு வீதியை விழுங்காமலே காரியம் நடந்துவிட்டது.

டெற்றோயிற் நகரத்தின் கதை இவ்வாறு முடியவில்லை. 1980இல், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் புதிய தொழிற்சாலைக்கு நிலம் கேட்டது. தராவிடில் வேறிடம் போவோம் என்ற மிரட்டலும் உடன் இருந்தது. நகரசபை போலற்றவுண் என்னும் பகுதியைத் தெரிந்தது. போலந்து வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் அயலவராய் வாழ்ந்த இடம் அது. ஏறக்குறைய 4,200 மக்களும், 1,300க்கு மேற்பட்ட வீடுகளும், கடைகளும் தேவாலயங்களும் அகற்றப்பட்டன. அங்கிருந்த வீதிகளும் பெயரோடு போயின. நகரபிதாவாயிருந்த கோல்மன் யங் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர்; மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் திட்டத்தை ஆதரித்தது. ஆறாயிரம் வேலைகள் என்ற வாக்குறுதியின்முன் யாரை நோவது? வேலையற்ற ஒருவனுக்கு அந்த எண் வெறும் எண்ணன்று. மிச்சிகன் உயர் நீதிமன்றம் 1981இல் ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால் நகரசபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்த வேனிலில் அமலோற்பவ மாதா தேவாலயத்தினுள் முதிய பெண்கள் பலர் உட்காந்து மறித்தனர். பொலிசார் அவர்களை வெளியேற்றிய பின் ஆலயம் இடிக்கப்பட்டது. 1985இல் தொழிற்சாலை திறந்தது. வேலைகளோ வாக்களித்த எண்ணை எட்டவில்லை. 2004இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. வீடு இழந்தவர்களுக்கு அதனால் விளைந்தது ஒன்றுமில்லை.

அங்கே இடிக்கப்படாது எஞ்சியது ஒரு சிறு யூத மயானம். பெத் ஓலெம் என்பது அதன் பெயர். வீட்டை அகற்றிய சட்டம் கல்லறையை அகற்றத் துணியவில்லை போலும். தொழிற்சாலை வளவின் நடுவே மதிலுக்குள் அது கிடந்தது. அதற்குச் செல்லும் பொதுவழி எதுவுமில்லை. பாஸ்கா விழாவுக்கும் யூதப் புத்தாண்டுக்கும் முன்னதாக, ஆண்டுக்கு இரு முறை, நிறுவனத்தின் காவலர் வாயிலைத் திறந்துவிட, உறவினர் சில மணி நேரம் உள்ளே சென்று வருவது வழக்கமாயிற்று.